மூன்று தொட்டித் தண்ணீர்

அத்தியாயம் 14

ஹேமநாத் வளைகாப்புக்கு வருகிறான் என்று கேட்டதும் அபிதா சிரித்தாள் என்று போன வாரம் நிறுத்தியிருந்தேன். ஏன் சிரித்தாள் என்று கேட்டு நிறையப் பேர் கார்டு போட்டிருக்கிறீர்கள். அதில் பாதிப் பேர், அவள் புருஷனை மன்னித்துவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. அவள் மன்னிக்கவில்லை.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஆரணியில் சாயப்பட்டறை வைத்திருக்கும் அருணகிரியின் மூத்த மகள் அபிதகுசாம்பாள். வீட்டுக்கு அபிதா. அவளை அத்தை மகன் ஹேமநாத்துக்குக் கொடுத்து, அவன் தங்கை தீபாவை அபிதாவின் தம்பி சந்திரமோகனுக்கு எடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். ஹேமநாத்தும் அபிதாவும் குஜராத் பக்கம் ஒரே எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவன் இன்ஜினியர், அவள் ஆய்வுக்கூடத்தில் கெமிஸ்ட்.

பூமிக்கடியில் எண்ணெய் குளம் போலத் தேங்கிக் கிடப்பதில்லை. கல்லின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கிணற்றில் தண்ணீரை இறக்கி, அந்த எண்ணெயைப் பக்கத்துக் கிணற்றுக்குத் தள்ளுவார்கள். எவ்வளவு தள்ளினாலும் பாதி எண்ணெய் கல்லை விட்டு வராது. இறக்குகிற தண்ணீரில் உப்பைக் குறைத்தால், அதிலும் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தால், கல் எண்ணெயை விட்டுக்கொடுக்கும். மூன்று வருஷம் கல் துண்டுகளோடு மல்லுக்கட்டி இதைக் கண்டுபிடித்தவள் அபிதா. பட்டு நூலில் இயற்கையாக ஒட்டியிருக்கும் பசை உப்புத் தண்ணீரில் போகாது, நல்ல தண்ணீரில்தான் போகும் என்று சின்ன வயசிலிருந்தே பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு இது தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து அவள் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பதினொரு நாளில் ஹேமநாத் அவளுடைய பச்சை அட்டை நோட்டை எடுத்து, எல்லாவற்றையும் தன் பெயரில் அறிக்கையாக டைப் அடித்துக் கொடுத்துவிட்டான். அவள் சண்டை போட்டபோது, குழந்தை போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஆபீசிலும் சொன்னான், சொந்தக்காரர்களிடமும் சொன்னான். கம்பெனிக்கு அவள் போட்ட கடிதங்களுக்கு யாரும் பதில் எழுதவில்லை. பதினாலு மாதமாக அவள் அப்பாவின் பட்டறையில் இருக்கிறாள். அவனுக்குப் பதவி உயர்ந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்குப் போவோம்.

*

காலை ஒன்பது மணிக்குக் காஞ்சிபுரத்திலிருந்து கார் வந்து நின்றது. அத்தை செல்லம்மாள் முதலில் இறங்கினாள். பின்னால் சீர்வரிசைத் தட்டுகள் இறங்கின. கடைசியில் ஹேமநாத், பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கையில் செல்போன். பதினாலு மாதத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தான். திருட்டுச் சோறு ஒட்டுகிறது என்று அபிதா நினைத்துக்கொண்டாள்.

"வாங்க அத்தே" என்றாள். அவனை அவள் பார்க்கவேயில்லை.

கூடத்தில் தீபாவை மணையில் உட்கார வைத்தார்கள். ஏழு மாத வயிறு. தீபாவுக்கு இருபத்திரண்டு வயசு. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, கல்யாணம் பண்ணிக் கொடுத்தது எல்லாம் ஹேமநாத்தான். அண்ணன் வந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. கூடவே, அண்ணியின் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தச் சந்தோஷத்தை ஒளித்துக்கொள்ளவும் பார்த்தாள். பாவம், இந்தக் கதையில் இரண்டு பக்கமும் உறவு உள்ளவள் அவள் ஒருத்திதான்.

சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டார்கள். அபிதா தட்டிலிருந்து இரண்டு பச்சை வளையலை எடுத்தாள். செல்லம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நீ வாணாம்மா. தப்பா எடுத்துக்காதே. உனக்குத் தங்கலையே, அதான் சொல்றேன்."

கதவருகே நின்ற ஹேமநாத் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடினான். அது அவன் குழந்தையும்தான் என்று அங்கே யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

தீபாதான் கையை நீட்டினாள். "அம்மா, நீ சும்மா இரு. அண்ணி போடாம நான் இந்த மணைய வுட்டு எந்திரிக்க மாட்டேன். போடுங்கண்ணி."

அபிதா போட்டாள். ஒரு வளையல் தீபாவின் விரல் முட்டியில் சிக்கி, பிறகு இறங்கியது. அழக் கூடாது, இவன் முன்னால் அழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, நேராகப் பின்கட்டுப் பட்டறைக்குப் போய்விட்டாள்.

*

முகூர்த்த மாதம். மருமகள் வளைகாப்பானாலும் அருணகிரிக்கு அடுப்பை அணைக்க முடியவில்லை. செப்பு அண்டாவில் சோப்பும் சோடாவும் கரைந்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் இன்னும் பசை போகாத கோரா பட்டு நூல், சுருள் சுருளாகக் கட்டிய கழிகளாகக் கம்பில் தொங்கி வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வரிசையாக மூன்று சிமெண்ட் தொட்டிகள் இருந்தன. முதல் இரண்டின்மேல் பலகை மூடியிருந்தது. மூன்றாவது திறந்து கிடந்தது.

ஹேமநாத் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அபி, ரெண்டு நிமிஷம் பேசணும்."

"பேசுங்க."

"மாமா இருக்காரே."

"அப்பா இருக்கட்டும். நீங்க என்னைப் பைத்தியம்னு சொன்னது ஊருக்கே கேட்டிச்சு. இதை அப்பா ஒருத்தர் கேட்டா ஒண்ணும் ஆயிடாது."

அருணகிரி அண்டாவைக் கிளறுவது போல முதுகைக் காட்டி நின்றுகொண்டார். காது மட்டும் இந்தப் பக்கம்.

ஹேமநாத் தொண்டையைச் செருமினான். "பி-செவன் கிணறு மக்கர் பண்ணுது. உன் நோட்டுல இருந்த அளவுலதான் உப்பைக் கொறச்சு தண்ணி எறக்கினோம். பத்து நாள் நல்லா எறங்கிச்சு. அப்புறம் ப்ரஷர் ஏறிகினே போவுது. இப்ப பாதி தண்ணிகூட உள்ள போவல. நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங். அதுக்கப்புறம் இன்னும் நாலு கிணத்துல இதே தண்ணியைத் தொறக்கணும்."

"தொறங்க."

"அதுவும் அடைச்சிகினா நான் காலி. நோட்டுல என்னமோ விட்டுப்போயிருக்கு, அபி."

"நோட்டுல எல்லாம் இருக்குது."

"பக்கம் பக்கமா நூறு வாட்டி பாத்துட்டேன். ஓரத்துல தமிழ்ல மாமா பட்டறை விஷயம் ஏதோ கிறுக்கி வெச்சிருக்கே, அதைத் தவிர ஒரு எழுத்து விடாம டைப் அடிச்சேன்."

அபிதாவுக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. அவன் வருகிறான் என்றதும் அவள் சிரித்தது, கிணறு அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் இவன் இந்த வாசல்படி ஏற மாட்டான் என்று ஊகித்துத்தான். நோட்டிலிருந்து எதை விட்டான் என்று மட்டும் தெரியாமல் இருந்தது. இப்போது அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். வயிற்றுக்குள் ஜில்லென்று ஒரு சந்தோஷம். இதைப் பாவம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். அவள் பதினாலு மாதம் பட்டினி கிடந்தவள்.

"உள்ள கூடத்துல அம்பது பேர் இருக்காங்க" என்றாள். "அவங்க முன்னாடி நின்னு, அந்த அறிக்கை அபிதாவோடது, நான் திருடினேன்னு ஒரு வாட்டி சொல்லுங்க. நான் உடனே சொல்லிடறேன்."

"பொம்பளைங்க முன்னாடியா? எங்கம்மா முன்னாடியா? வெளயாடுறியா நீ? வேற இன்னா வேணும், கேளு. திரும்பி வந்து என்கூட இருந்துக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

'ஒண்ணும் சொல்ல மாட்டேன்.' அவன் அவளை மன்னிக்கத் தயாராயிருந்தான்! அபிதா அண்டாவிலிருந்து ஆவி பறக்க ஒரு கழியைக் கம்போடு தூக்கி அவனிடம் நீட்டினாள்.

"சரி, அதெல்லாம் வாணாம். இந்த ஒரு கழியை அலசிக் குடுங்க. ஒழுங்கா அலசினீங்கன்னா, விட்டது இன்னான்னு சொல்றேன்."

"அவ்ளோதானா?" என்று அவன் சிரித்தான். நாலு தலைமுறையாகப் பட்டுச் சேலைக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. சேலையைத் தடவிப் பார்த்து எத்தனை இழை என்று சொல்வான். நூலை நனைத்தது மட்டும் கிடையாது. கம்பை வாங்கி, சட்டை நனையாமல் கையை நீட்டி, கொதிக்கிற கழியைத் திறந்து கிடந்த பச்சைத் தண்ணீர்த் தொட்டியில் அப்படியே முக்கினான்.

"அடப் பா..." என்று அருணகிரி திரும்பினார்.

"அப்பா! நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

மகளின் குரலில் இருந்ததைக் கேட்டு அவர் வாயை மூடிக்கொண்டார்.

பட்டறைப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பசை கரைந்த நூலை நேராகப் பச்சைத் தண்ணீரில் போடக் கூடாது. முதல் தொட்டியில் சுடுதண்ணீர், இரண்டாவதில் வெதுவெதுப்பு, மூன்றாவதில்தான் பச்சைத் தண்ணீர். படிப்படியாக இறக்க வேண்டும். சூடு போகக் கூடாது என்றுதான் முதல் இரண்டுக்கும் பலகை போட்டு மூடி வைப்பார்கள். திடீரென்று குளிர்ந்தால், கரைந்த பசையும் சோப்பும் மறுபடி நூலிலேயே உறைந்துகொள்ளும். பிறகு அதில் சாயம் ஏறாது. ஆரணியில் பட்டறை வீட்டில் பிறந்த எந்தக் குழந்தையும் அந்தப் பலகையைத் தூக்கிப் பார்க்கும்.

கல்லும் அப்படித்தான். உப்புத் தண்ணீரிலேயே ஊறிய கல்லில் திடீரென்று நல்ல தண்ணீரை விட்டால், அதிலுள்ள களிமண் அதிர்ந்து உதிர்ந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். உப்பை மூன்று படியாகக் குறைக்க வேண்டும். பதினாலாவது கல்லைப் பாழாக்கிய பிறகு அபிதாவுக்கு உறைத்தது அதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 'மூணு தொட்டி' என்று எழுதி வைத்தாள். அவளுக்கு அது போதும். அதைத்தான் நம் இன்ஜினியர் மாமனார் வீட்டுச் சங்கதி என்று ஒதுக்கியிருக்கிறார்.

ஹேமநாத் கழியைத் தூக்கி உதறினான். பட்டு மினுமினுக்கவில்லை. அங்கங்கே வெள்ளைத் திட்டாக, பிசுபிசுவென்று தொங்கியது.

"அலசிட்டேன். சொல்லு."

"சொல்லிட்டேனே."

"இன்னா சொன்னே?"

"உங்க கையிலயே குடுத்துட்டேன். பாக்கத் தெரியலைன்னா நான் இன்னா பண்றது?"

அவன் கழியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகம் சிவந்தது. கம்பைக் கீழே வீசினான். "எங்கம்மா சொன்னது சரிதான். உனக்கு இன்னும் சரியாவல."

"சோறு ரெடியாயிடிச்சு. போய் சாப்பிடு" என்றாள் அபிதா. கல்யாணமான ஆறு வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் போன பிறகு அருணகிரி அந்தக் கழியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஒரு கழி போச்சேம்மா."

"போவட்டும்பா. எனக்கு மூணு வருஷம் போச்சு."

அவள் அதை வாங்கி, வீணானது வீணானபடியே எல்லோரும் பார்க்கட்டும் என்று முற்றத்துக் கொடியில் மாட்டினாள்.

*

பழி வாங்குவது சாப்பாடு மாதிரி, முதல் கவளத்தில்தான் ருசி. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அபிதாவுக்கு ருசி மாறத் தொடங்கியது.

அவள் வாயைத் திறக்காவிட்டால் நாளைக்கு நாலு கிணறும் அடைத்துக்கொள்ளும். ஹேமநாத் ஒழிந்தான். ஆனால் அடைத்த கல் மறுபடி திறக்காது. கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள்? இந்த முறையே தப்பு என்பார்கள். தண்ணீரில் உப்பைக் குறைக்கிற பேச்சையே இனி யாரும் எடுக்க மாட்டார்கள். அவள் மூன்று வருஷ உழைப்பு அவன் பெயரிலேயே செத்து, அவன் பெயரிலேயே புதைக்கப்படும். அவனைக் கொல்ல வேண்டுமானால் அவள் பெற்றதையும் கொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒன்றை இழந்தவள் அவள்.

கல் பிழைக்க வேண்டும், அவன் பிழைக்கக் கூடாது. சமையற்கட்டை ஒட்டிய அறையில் போன் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, மறக்காமல் வைத்திருந்த ஒரு வீட்டு நம்பரைச் சுற்றினாள். கம்பெனியின் டைரக்டர் தனகோடி, திருச்சிக்காரர்.

"சார், நான் அபிதகுசாம்பாள். ஆய்வுக்கூடத்துல இருந்தேன்."

மறுமுனை தயங்கியது. "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு ஹேமநாத்..."

"உடம்பு நல்லா இருக்கு சார். பி-செவன் கிணத்துக்குத்தான் சரியில்லை. அதைத் திருப்பி ஓட விட்டுப் பாத்திருப்பீங்க. தண்ணி கஞ்சி மாதிரி கலங்கி வந்துதா?"

"அது நேத்து சாயங்காலம்தான் பாத்தோம். ஹேமநாத் சொன்னாரா?"

"அவர் ப்ரஷர் மட்டும்தான் சொன்னார். கலங்கல் அவருக்கே இன்னும் தெரியாதுன்னு நெனைக்கிறேன். என் பதினாலாவது கல்லுல நான் என் கண்ணால பாத்தது அது."

"காரணம் என்ன?"

"சொல்ல மாட்டேன் சார். அந்தப் பச்சை அட்டை நோட்டு உங்க ஆபீஸ்லதான் இருக்கு. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல 'மூணு தொட்டி'ன்னு எழுதியிருக்கும். நாளைக்குப் பத்து மணிக்கு எல்லார் முன்னாடியும் அதுக்கு இன்னா அர்த்தம்னு ஹேமநாத்தைக் கேளுங்க. சொல்லிட்டா, அந்த அறிக்கை அவரோடது. நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன், இனிமே உரிமை கேக்கவே மாட்டேன். சொல்லத் தெரியலைன்னா அடுத்த போன் எனக்குப் பண்ணுங்க, காரணத்தைச் சொல்றேன். அதுவரைக்கும் ஒரு வால்வையும் தொறக்காதீங்க."

"நியாயமாத்தான் தெரியுது" என்றார் தனகோடி மெதுவாக. "ஆனா பெரிய பந்தயம்மா இது. அவர் சொல்லிட்டார்னா?"

"சொல்ல முடியாது சார். இப்பதான் சோதிச்சுப் பாத்தேன்."

போனை வைத்தாள். அப்பாடா, என்ன நிம்மதி! நாளைக்குப் பத்து மணி. அத்தனை பேருக்கு நடுவில், அவன் தன்னுடையது என்று சொன்ன நோட்டின் ஓரத்தில் இருக்கிற இரண்டே வார்த்தை. அவன் விழிப்பதை அவள் இங்கிருந்தே பார்க்க முடிந்தது.

திரும்பிக் கதவைத் திறந்தாள். சாத்தியிருந்ததே தவிர, அது தாழ் போடாத கதவு. நிலைப்படியில் உடைந்த வளையல் துண்டு ஒன்று கிடந்தது. பச்சை.

*

வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். மூன்று மணிக்குக் கிளம்புகிறீர்களே, ராகு காலம் பார்க்க வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்குத்தான் ஆரம்பம், அதற்குள் கிளம்பிவிடலாம் என்று செல்லம்மாள் அடக்கினாள். "ஜல்தி, ஜல்தி! செய்யாறு தாண்டறதுக்குள்ளயே நேரமாயிடும். இவன் வேற என்னை எறக்கிவுட்டுட்டு ராத்திரி ப்ளேனைப் பிடிக்கணும்."

அபிதா முற்றத்துக்கு ஓடினாள். கொடியில் ஈரத் துணிகள் இருந்தன. அந்தக் கழி இல்லை.

"அப்பா, இங்க மாட்டியிருந்தேனே, அது எங்க?"

"தீபாதாம்மா எடுத்துகினு போச்சு. இது எப்படி மாமா இப்படி ஆச்சுன்னு கேட்டுது. ஹேமநாத்து நேரா பச்சைத் தண்ணியில முக்கிட்டாம்மான்னு சொன்னேன்." அருணகிரி மகளின் முகத்தைப் பார்த்துத் தடுமாறினார். "ஏன், தீபாகிட்டயும் சொல்லக் கூடாதா? மூணு வருஷமா இந்தப் பட்டறையில நம்மகூட நூலு அலசுற பொண்ணாச்சே!"

மூன்று வருஷமாக நூல் அலசுகிற பெண். நிலைப்படியில் வளையல் உடைந்து கிடந்ததே, போனில் பேசியதையும் கேட்டிருக்கிறாள். அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவள். ஊட்டி வளர்த்த அண்ணனுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் காரில் போகப் போகிறாள்.

உள்ளே போய் இன்னொரு போன் போட்டால் பந்தயத்தை வாபஸ் வாங்கிவிடலாம். அபிதா போன் இருந்த அறையைப் பார்த்தாள். வாங்கினால், பயந்துவிட்டதாக ஆகும். பதினாலு மாதம் பயந்தது போதும். வாசலுக்குப் போனாள்.

தீபா காரில் ஏறியாகிவிட்டது. சந்திரமோகன் ஜன்னலோரம் குனிந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக்கொண்டிருந்தான். தீபாவின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். மடியில் முந்தானைக்கு அடியிலிருந்து வெள்ளைத் திட்டுப் பட்டு நூல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"தீபா" என்றாள் அபிதா. மேற்கொண்டு என்ன கேட்பது? சொல்லாதே என்றா? அவன் அவளுக்கு அண்ணன்.

தீபாவின் கண் நிறைந்திருந்தது. "போயிட்டு வரேன்ணி" என்று மட்டும் சொன்னாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். முன் சீட்டிலிருந்து ஹேமநாத் திரும்பிப் பார்த்தான். "ஏய், மடியில இன்னாது அது? அந்தப் பாழாப்போன நூலா? அதை எதுக்குடி எடுத்தாந்தே?"

தீபா அவனைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக அபிதாவையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"போற வழியில சொல்றேன்ணா."